சீடராக்குதல்: ஒரு கட்டளையும் அதன் மொழியும்

மத்தேயு எழுதிய சுவிசேஷம் கலிலேயா நாட்டு மலையொன்றில் முடிவடைகிறது. பதினொரு சீடர்கள் அங்கே வந்து நிற்கின்றனர். பன்னிருவரில் ஒருவன் காட்டிக்கொடுத்து மாண்டுபோனமையால் பதினொருவரே எஞ்சினர். அவர்களுள்ளும் சிலர் ஐயங்கொண்டிருந்தனர் என்பதை அந்நூல் ஒளிக்காமல் சொல்கிறது. ஐயம் தீராதோரையும் உள்ளிட்ட அச்சிறு கூட்டத்தாரிடந்தான், உலகத்து மக்களினங்கள் யாவற்றையும் சீடராக்கும்படி கட்டளை பிறக்கிறது. தம் நம்பிக்கையைப் பிறர்க்கு எடுத்துரைப்பது விருப்பமிருந்தால் செய்யத்தக்க நற்செயல் அன்று, தம்மேல் விதிக்கப்பட்ட கடமை என்று கிறித்தவ நண்பர்கள் கூறுவதற்கு முதன்மையான ஆதாரம் இவ்விடமே. இது அப்போஸ்தலரோடு முடிந்துபோன கட்டளை என்று எண்ணியிருந்த சீர்திருத்தச் சபையாரும் பலர் உண்டு. முழுக்குக் கொடுப்பது மட்டும் அவர்களோடு முடியாமல் இன்றளவும் தொடர்வானேன் என்று 1792-இல் வில்லியம் கேரி தம் சிறுநூலில் எழுப்பிய வினா அவர்களை வாயடைக்கச் செய்தது. அடுத்த ஆண்டே அவர் வங்காளத்துக்குக் கப்பலேறினார்.

அக்கட்டளையின் முழுக்கு வாசகத்திலுள்ள திரியேகக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. அவ்வழக்கை நம் ஆலிம்கள் நூற்றாண்டுகளாக வாதித்திருக்கிறார்கள். இக்கட்டுரை அதனுள் புகவில்லை. அரபும் தமிழும் கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட நமக்கு இதில் வேறொரு வினா எழுகிறது. ஒருவரை மற்றொருவர் சீடராக்க முடியுமா? அக்கட்டளையின் சொற்கள் உண்மையில் எதனைக் கேட்கின்றன? கேட்டது நம் கடற்கரையில் எவ்வாறு நடந்தேறியது?

முதலில் சொற்களைப் பார்ப்போம். கிரேக்க மூலத்தில் நான்கு செயல்கள் வருகின்றன: போதல், சீடராக்குதல், முழுக்குக் கொடுத்தல், கற்பித்தல். இந்நான்கனுள் ஏவல் வினையாக நிற்பது சீடராக்குதல் ஒன்றே. ஏனைய மூன்றும் அதனைச் சார்ந்து நிற்பவை. தமிழிலக்கணம் படித்தவர் அவற்றை வினையெச்சத்தின் உறவினர் என்று உடனே இனங்கண்டுகொள்வார். போவதும் முழுக்குவதும் கற்பிப்பதும் அந்த ஒரு செயலுக்குத் துணையாவன. அவ்வினையின் வேரிலோ கற்றல் என்னும் பொருள் கிடக்கிறது. 'மதேதேஸ்' என்பான் கற்பவன். ஒருவரிடம் மாணாக்கனாயிருத்தல் என்று தன்வினையாக வழங்கிய சொல், புதிய ஏற்பாட்டில் பிறரை மாணாக்கராக்குதல் என்னும் பிறவினைப் பொருளையும் ஏற்று நிற்கிறது.

இதனைத் தமிழில் பெயர்த்தோர் என்ன செய்தார்கள் என்பது சுவையான செய்தி. 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் நிறைவேற்றிய திருப்புதலில், 'சீஷராக்கி' என்பது எச்சமாகிவிட்டது. முற்றுவினையாகத் தொடரின் இறுதியில் வீற்றிருப்பது 'உபதேசம்பண்ணுங்கள்' என்பது. தமிழ்த் தொடரில் இறுதியில் வருவதே முற்றாகும் இயல்பினது. எனவே பெயர்த்தோர் கொள்கை வேறுபட்டுச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் பயன் என்ன? ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்க் கிறித்தவர் செவியில், சீடராக்குதலும் முழுக்கும் வழியிலுள்ள படிகளாகவும், கற்பித்தலே போய்ச் சேரும் இடமாகவும் ஒலித்து வந்திருக்கிறது. இவ்விடத்தில் தமிழின் இயல்பு மூலத்திலிருந்து சற்றே விலகிய போதிலும் அதன் வேர்ப்பொருளைக் காத்துக் கொடுத்தது என்பது நம் கருத்து. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ 'சீடராக்குங்கள்' என்று ஏவலாக்கி, முழுக்கையும் கற்பித்தலையும் தனித்தனி ஏவல்களாக அடுக்குகிறது. படிக்கத் தெளிவாயிருக்கிறது. ஆனால் ஒரு கட்டளை மூன்றாகிவிட்டது.

அரபியிலும் இந்நிலையே. பெய்ரூத்தில் 1865-இல் முற்றுப்பெற்ற வான் டைக் மொழிபெயர்ப்பில் நான்கும் 'அம்ர்' வடிவத்தில் வருகின்றன. தலைமை வினைக்கு அவர்கள் எடுத்த சொல் 'தல்மிதூ' என்பது. 'தில்மீத்' என்னும் பெயரிலிருந்து எழுந்த வினை அது. அப்பெயரும் அரபியின் சொந்தச் செல்வமன்று. யூதப் பள்ளிகளின் வழியே வந்த சொல். திருமறை ஈசா நபி (அலை) அவர்களின் தோழர்களை அச்சொல்லால் குறிப்பதில்லை, 'ஹவாரிய்யூன்' என்கிறது. வெண்மை என்னும் பொருளிலிருந்து அதனை வருவித்து, அவர்கள் ஆடை வெளுப்போராயிருந்தனர் என்று உரைத்த முஃபஸ்ஸிர்களும் உண்டு. தூதர் என்னும் பொருளுடைய அபிசீனியச் சொல்லோடு அதனை இணைப்போர் பிற்காலத்து மொழியறிஞர். சுவிசேஷம் கற்போர் என்று சொன்ன இடத்தில் திருமறை துணைநின்றோர் என்ற குறிப்பை முன்வைப்பது, அஸ்ஸஃப் அத்தியாயத்தின் இறுதி வசனத்தை ஓதியவர்க்குத் தெரியும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த அரபி மொழிபெயர்ப்பின் நடையைச் செப்பனிட்டவர்களுள் ஒருவர் ஷெய்கு யூசுஃப் அல்அஸீர். அல்அஸ்ஹரில் பயின்ற முஸ்லிம் அறிஞர். தமிழில் பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், சைவத்தின் காவலர். சீடராக்கும் கட்டளையைச் செம்மையான மொழியில் அமைத்துக் கொடுத்த இவ்விருவரும் அக்கட்டளைக்குச் சீடராகவில்லை. நாவலர் அதன் பின்னர் கிறித்தவக் கண்டனத்தில் முன்னின்றார் என்பதும் யாவரும் அறிந்ததே. சொல் ஒருவரிடம் வந்து சேர்வது வேறு. அச்சொல்லுக்கு அவர் ஆட்படுவது வேறு.

மாணாக்கர் என்போர் யார் என்பதில் நம் இரு கல்வி மரபுகளும் தெளிவானவை. நன்னூலின் பொதுப்பாயிரம் அன்னம், பசு, மண், கிளி என்று தொடங்கி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி வரை மாணாக்கரை வகைப்படுத்துகிறது. ஆசிரியர் ஒருவரே; பாடமும் ஒன்றே; கொள்பவன் இயல்பால் விளைவு மாறுகிறது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஸர்நூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்' இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க மாணவன் அவசரப்படலாகாது. ஓர் ஊருக்குப் போனால் இரண்டு மாதம் பொறுத்திருந்து, பலரையும் ஆராய்ந்து, பிறகே ஒருவரிடம் அமர வேண்டும் என்பது அதன் அறிவுரை. இவ்விரு நூல்களிலும் மாணாக்கன் தானே ஆகிறான்; அவனை யாரும் ஆக்குவதில்லை. சுவிசேஷத்திலோ ஈசா நபி (அலை) அவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தவரையும் ஆயத்துறையில் இருந்தவரையும் தாமே சென்று அழைக்கிறார்கள். அழைத்தபின் அவர்களோடு உண்டு, நடந்து, உறங்கிக் கற்பிக்கிறார்கள். அவ்வளவு கற்பித்தும் மலைமீது சிலர் ஐயத்தோடு நின்றார்கள். ஆக்குதல் என்னும் பிறவினைக்கு அந்நூலின் கதையே இட்டிருக்கும் எல்லை இது.

நமக்கு இடப்பட்ட பணிக்குத் திருமறை வைத்த பெயர் 'பலாஃக்', எத்திவைத்தல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையே நோக்கி, நீர் நினைவூட்டுபவரே, அவர்கள்மேல் அதிகாரம் செலுத்துபவர் அல்லர் என்னும் கருத்து அல்காஷியா அத்தியாயத்தில் உரைக்கப்படுகிறது. தாம் நேசித்தவரை நேர்வழியில் சேர்ப்பது நபியவர்கள் கையிலும் இல்லை என்று அல்கஸஸ் கூறுவதை, அபூதாலிபின் மரணப் படுக்கையோடு சேர்த்து நம் முஃபஸ்ஸிர்கள் விளக்குவார்கள். எத்திவைத்தல் தன்னளவில் நிறைவுபெறும் வினை. கேட்டவர் ஏற்றாலும் மறுத்தாலும் எத்திவைத்தவர் கடமை முடிந்தது. சீடராக்குதல் அப்படியன்று. அது விளைவையும் தன்னுள் அடக்கிய வினை. மற்றவர் மாறும்வரை அது முடிவதில்லை. முடிவு வேண்டுமென்ற அவா அதனுள்ளேயே இருக்கிறது. இந்த அவா கற்பித்தலின் பொறுமையோடு சேர்ந்தால் ஒரு விதமாகவும், அரசின் வாளோடு சேர்ந்தால் வேறு விதமாகவும் உருக்கொள்ளும். முத்துக்குளித்துறையில் இரண்டையும் காணலாம்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கடற்கரையில் முத்துக் குளிப்பதில் பரதவர்க்கும் முஸ்லிம்களுக்கும் பகை முற்றியிருந்தது. ஒரு முஸ்லிம் ஒரு பரதவரின் காதணியைக் காதோடு அறுத்தெடுத்ததே கலகத்துக்கு வித்து என்று பாதிரிமார் குறிப்புகள் கூறும். குறிப்புகள் ஒரு தரப்பார் எழுதியவையே. ஆயினும் கடலில் நம்மவர் கை ஓங்கியிருந்த காலத்தில் அயலாரிடம் அவர்கள் மென்மையாக நடந்தார்கள் என்று நாம் வாதிக்கப் போவதில்லை. நெருக்கடி தாளாத பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள், குதிரை வணிகராயிருந்த ஜோவான் த குரூஸ் என்ற மதம் மாறிய ஒருவரின் யோசனைப்படி கொச்சிக்குச் சென்றனர். பறங்கியரின் கடற்படை அவர்களுக்குத் தேவைப்பட்டது. கொடுத்த விலை ஞானஸ்நானம். தலைவர்கள் கொச்சியிலேயே முழுக்குப் பெற்றனர். தொடர்ந்து 1536, 1537 ஆண்டுகளில் ஊர் ஊராக ஏறத்தாழ 20,000 பேர் பெற்றனர் என்பர். பறங்கியர் தம் வாக்கைக் காப்பாற்றினார்கள். 1538-இல் வேதாளையில் மரக்காயர்களின் கப்பற்படை மார்த்தீம் அஃபோன்சோ த சூசாவின் கையில் முறியடிக்கப்பட்டது.

அதே பறங்கியர் மலபார்க் கரையில் செய்தவற்றை ஷெய்கு ஸைனுத்தீன் மஃக்தூம் தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் கண்ணீரோடு எழுதிவைத்திருக்கிறார்கள். மக்களை வலிந்து கிறித்தவராக்கியதும் அங்கே அடுக்கப்படும் குற்றங்களுள் ஒன்று. ஒரே கடற்படை, மலபாரில் முஸ்லிமுக்குக் கொடுமை. முத்துக்குளித்துறையில் பரதவர்க்கு அடைக்கலம். மதமாற்ற வரலாற்றை ஒரு கரையிலிருந்து மட்டும் படிப்போர் இதனை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு பேரும் முழுக்குப் பெற்றபின் அவர்களுக்குக் கற்பிக்க யார் இருந்தார்? மொழி தெரிந்த பாதிரியார் இல்லை. 1542-இல் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறித்தவர்கள் என்பதற்கு மேல் அம்மக்களால் எதுவும் சொல்ல இயலவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். அவர் சோர்வறியாத உழைப்பாளி. இருமொழியும் தெரிந்தவர்களைத் துணைக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் செபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைத் திரட்டினார். முழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகும் நாட்கள் உண்டு என்று 1544-இல் ஐரோப்பாவுக்கு எழுதினார். திருவிதாங்கூர்க் கரை முக்குவரிடையே ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் முழுக்குக் கொடுத்ததாகவும் அவர் கடிதம் கூறும். இக்கடிதங்களைப் படித்து ஐரோப்பிய இளைஞர் பலர் உள்ளம் பொங்கினர். நமக்கோ, அவர் தம் துணைவர் மான்சிலாஸுக்கு எழுதிய வேறொரு கடிதத்திலுள்ள சிறு குறிப்பொன்றே எல்லாவற்றினும் கனமுடையதாகத் தோன்றுகிறது.

விசுவாசப் பிரமாணத்தில், நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில், அதுவரை 'எனக்கு வேணும்' என்று மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். மொழிபெயர்த்தோர் அப்படித்தான் பெயர்த்துக் கொடுத்திருந்தனர். பிழையை உணர்ந்த சவேரியார், இனி அவ்விடத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லச் செய்யும்படி எழுதுகிறார். வேணும் என்றால் விரும்புகிறேன் என்றாகிவிடும் என்று காரணமும் காட்டுகிறார்.

மொழிபெயர்ப்பு என்ற அளவில் திருத்தம் சரியானதே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தக் கடற்கரையில் நின்று அந்தப் பிழைச் சொல்லைக் கேட்டுப் பாருங்கள். அம்மக்களுக்கு என்ன வேண்டியிருந்தது? முத்துச் சலாபத்தில் தம் உரிமை வேண்டியிருந்தது. தம் பெண்டு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. யாரிடமும் காதறுபடாமல் கரையேற வேண்டியிருந்தது. 'எனக்கு வேணும்' என்று அவர்கள் ஓதிய காலமெல்லாம் தம் உள்ளத்திலிருந்ததை ஒளிவின்றி ஓதினார்கள். சொல் திருத்தப்பட்ட நாளன்று அவர்கள் வாயில் விசுவாசம் வந்தது. உள்ளத்தில் அன்றே வந்துவிட்டதா என்பதை அக்கடிதம் கேட்கவில்லை.

இதன் மறுபுறம் ஒன்று நம் மறையில் இருக்கிறது. நாட்டுப்புற அரபிகள் சிலர் மதீனாவுக்கு வந்து, நாங்கள் ஈமான் கொண்டோம் என்றனர். அவர்கள் பனூ அஸத் கூட்டத்தார் என்றும், பஞ்ச காலத்தில் உதவி நாடி வந்தவர்கள் என்றும் முஃபஸ்ஸிர்கள் விளக்குவர். அவர்களும் வேண்டி வந்தவர்களே. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 14-ஆம் வசனம் அவர்கள் சொல்லைத் திருத்துகிறது. ஈமான் கொண்டோம் என்று சொல்லாதீர்கள், பணிந்தோம் என்று மட்டும் சொல்லுங்கள், ஈமான் இன்னும் உங்கள் இதயங்களில் நுழையவில்லை என்ற கருத்தில் அத்திருத்தம் அமைந்திருக்கிறது. சவேரியார் தாழ்ந்த சொல்லை உயர்த்தித் திருத்தினார். திருமறை உயர்ந்த சொல்லைத் தாழ்த்தித் திருத்தியது. அத்தோடு அவர்களைத் துரத்திவிடவுமில்லை. கீழ்ப்படிந்து நடந்தால் அவர்கள் செயல்களில் எதுவும் குறைக்கப்படாது என்று அதே வசனம் உறுதி கூறுகிறது. உள்ளம் வந்து சேரும்வரை அதற்குரிய உயர்ந்த சொல் காத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் மதப் பெருமைக்காகக் காட்டவில்லை. நம்மவர் இதனைக் கைக்கொண்டார்களா என்ற கேள்வி பின்னால் வருகிறது.

சவேரியார் முத்துக்குளித்துறையை விட்டு மலாக்காவுக்கும் ஜப்பானுக்கும் போய்விட்டார். அவர் தொடங்கிவைத்ததைச் சீடராக்குதல் என்று சொல்லத்தக்கதாக ஆக்கியவர், மக்கள் அண்டிரிக் அடிகளார் என்றழைத்த என்ரிக்கே என்ரிக்கஸ். போர்த்துகல்லில் 1520-இல் பிறந்தவர். கிறித்தவராக மாறிய யூதர் மரபில் வந்தவர். 1497-இல் போர்த்துகல் அரசன் தன் நாட்டு யூதரையெல்லாம் வலிந்து முழுக்குக்கு உட்படுத்தினான் என்பதை நினைத்தால், முழுக்கு முந்தி விசுவாசம் பிந்தி என்னும் முறையின் வலியை அவர் குடும்பமே அறிந்திருக்கும். 1547-இல் நம் கடற்கரைக்கு வந்தவர், தமிழை உரைபெயர்ப்பாளன் வாயிலாகக் கேட்டு மனநிறைவு கொள்ளவில்லை. வினைத் திரிபுகளை இலத்தீனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படித்தார். இரண்டாண்டுகளுக்குள் போர்த்துகீசியருக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்று எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' அவருடையது. இந்திய மொழியொன்றில் அதன் சொந்த எழுத்திலேயே அச்சேறிய முதல் நூலாக அறிஞர் அதனைக் கொள்வர். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. 1586-இல் அடியார் வரலாறு. 1600-இல் அவர் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அக்கரையில் வாழ்ந்தார்.

அவருடைய உரைநடையை இலக்கிய அளவுகோல் கொண்டு அளந்தால் குறை பல காணலாம். போர்த்துகீசியச் சொற்கள் உருமாறாமல் கிடக்கின்றன. தொடர்கள் பேச்சுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் நடுவே தடுமாறுகின்றன. பின்வந்த வீரமாமுனிவரின் 'தேம்பாவணி'யை அருகே வைத்தால் இது மழலை. என்றாலும், தேம்பாவணி புலவர் அவைக்கு எழுதப்பட்டது. அண்டிரிக் அடிகளாரின் ஏடு முழுக்குப் பெற்றும் எதுவும் அறியாதிருந்த மீனவர் பிள்ளைகளுக்கு எழுதப்பட்டது. நாற்பதாண்டு முன்பு அவர்களுக்குத் தரப்பட்ட பெயருக்கு உரிய பொருளைத் தேடிக் கொடுக்கும் முயற்சி அது. திறனாய்வாளர் அதனை அச்சு வரலாற்றின் காட்சிப் பொருளாக மட்டும் மதிப்பது போதாது.

தரங்கம்பாடியில் 1706-இல் கரையிறங்கிய சீகன்பால்கு இதே வழியை வேறு விதமாக நடந்தார். திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகியவர் அவர். தமிழ் ஏடுகளைத் தேடித் திரட்டிப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் முஸ்லிம்களின் நூல்களும் உண்டு. தமிழரிடம் வினாக்களை அனுப்பி, அவர்கள் எழுதிய மறுமொழிகளைச் செர்மானிய மொழியில் பெயர்த்துத் தம் நாட்டுக்கு விடுத்தார். அக்கடிதங்களில் தமிழர் தம் சமயத்துக்காக வாதாடும் குரல் அழுத்தமாகக் கேட்கிறது. புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1714-15-இல் அச்சேறியது. ஆனால் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதிமுடித்த பெருநூலை அனுப்பியோர் வெளியிட விரும்பவில்லை. 1867 வரை அது அச்சு காணவில்லை. சீடராக்கப் போனவன் தானே சீடனாய் அமர்ந்து கற்றுவந்தவற்றை, அனுப்பிய இடத்தார் வேண்டாத சரக்காகக் கருதினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை.

இனி நம் காலத்துக்கு வருவோம். இந்திய அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை வழங்குகிறது. ஒரிஸ்ஸாவின் 1967-ஆம் ஆண்டுச் சட்டமும் மத்தியப் பிரதேசத்தின் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் வலுவந்தம், மோசடி, ஆசைகாட்டல் ஆகியவற்றால் மதம் மாற்றுவதைக் குற்றமாக்கின. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1977 ஜனவரியில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. பரப்புதல் என்பது தன் கொள்கையை எடுத்துரைத்தலே. மற்றொருவரைத் தன் மதத்துக்கு மாற்றும் உரிமை அதில் அடங்காது என்பது அதன் சாரம். சட்டத்தின் மொழியில் எத்திவைத்தல் அனுமதிக்கப்பட்டது; சீடராக்குதல் உரிமையாக ஏற்கப்படவில்லை. கிறித்தவர் இதனால் மனம் வருந்தினர். பலாஃக் என்னும் நம் சொல்லோடு இத்தீர்ப்பு ஒத்துப்போகிறதே என்று மகிழ்ந்தவரும் நம்மில் இருக்கலாம். அம்மகிழ்ச்சி நிலைக்கத்தக்கதன்று. ஏனெனில் அச்சட்டங்களின் கூர்முனை ஆசைகாட்டல் என்ற சொல்லில் இருக்கிறது. அதாவது 'வேணும்' என்று வருபவனிடத்தில் இருக்கிறது.

1981 பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவியபோது, நாடெங்கும் எழுந்த கேள்வி, பணம் எங்கிருந்து வந்தது என்பதே. அரபு நாட்டுப் பணம் என்றனர். தேநீர்க் கடையில் தனிக்குவளையும், தெருவில் தலைகுனிவும் பணத்தைவிட வலிமையான காரணங்களாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. மானம் வேண்டும் என்று ஒருவன் கேட்பது ஆசைக்கு இரையாவதாகுமா? பரதவர் அடைக்கலம் கேட்டது இழிவென்றால், மீனாட்சிபுரத்தார் மானம் கேட்டதும் இழிவாகிவிடும். நாம் இரண்டையும் இழிவென்று கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவரப்பட்டு 2004-இல் கைவிடப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும், பின்னர் வேறு மாநிலங்கள் கொண்டுவந்தவையும் இவ்வேறுபாட்டைக் காணும் கண் இல்லாதவை.

பாதிரிமார் மருந்தும் பள்ளிக்கூடமும் காட்டி மயக்கினார்கள் என்று மேடைதோறும் முழங்கும் நம் பேச்சாளர்களுக்கும் ஒரு சொல். அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் ஜகாத்துக்கு உரியோர் எண்மரில், உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியோர் ஒரு வகையினர். உமர் (ரலி) அவர்கள் அப்பங்கை நிறுத்தினார்கள் என்பதும், ஹனஃபீ மத்ஹபில் அது நீங்கிவிட்டதாகக் கொள்வதும் உண்மையே. இஸ்லாம் வலுப்பெற்றபின் அதற்குத் தேவையில்லை என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது என்றைக்குமே தவறாயிருந்தது என்பதன்று. பசித்தவனுக்குச் சோறிட்டு அவன் உள்ளத்தை நெருங்குவது ஒருவர் செய்தால் தஃவா, மற்றவர் செய்தால் மோசடி என்று ஃபிக்ஹில் எந்த பாபிலும் எழுதியிருக்கவில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. வேண்டி வந்தவன் சொல்லை நம்பிக்கையாளன் சொல்லாக அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றிக்கொண்டு, அடுத்த ஊருக்குப் போய்விட்டோமா? சவேரியாரின் கடிதங்கள் ஐரோப்பாவில் 10,000 என்ற எண்ணுக்காகப் படிக்கப்பட்டதைப் போல, நம் இதழ்களும் கலிமாச் சொன்னோர் தொகையையும் புகைப்படத்தையும் முதற்பக்கத்தில் இடுகின்றன. அல்ஹுஜுராத் வசனத்தை ஓதிக்கொண்டே அப்படிச் செய்கிறோம். முழுக்கு முந்தி, கல்வி பிந்தி என்று பாதிரிமாரைக் குறைகூறும் நாம், கலிமா முந்திக் கல்வி எப்போது என்று நம்மையும் கேட்டாக வேண்டும்.

மீனாட்சிபுரத்தில் அவ்வாண்டு பிறந்த பிள்ளைகள் நாற்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்கு அலிஃப், பா சொல்லிக்கொடுத்த உஸ்தாதுகள் யார், எத்தனை ஆண்டு அவ்வூரில் தங்கினார்கள், என்ன நூலை வைத்துக் கற்பித்தார்கள், அவ்வூர்ப் பேச்சைத் தாங்களும் கற்றுக்கொண்டார்களா என்பதை நம் எழுத்தாளர் யாரேனும் நேரில் சென்று கேட்டு எழுத வேண்டும். மாறியோர் தொகையை எழுதியாயிற்று.